வயலுக்கு வந்த கழித்தல் குறி: ஒரு வர்க்கமூல வழுவின் நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். பாடத்தில் பைத்தன் என்ற நிரல்மொழி வருகிறது. வர்க்கமூலம் அதில் ஒரேயொரு வரி. மேத் என்ற தொகுதியை எடு, எஸ்கியூஆர்டி என்ற சார்பைக் கூப்பிடு, அடைப்புக்குள் எண்ணைக் கொடு, விடை வரும். பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவேன். போன காலபோக அறுவடை நேரம் என் மாணவன் ஒருவன் எழுதிய நிரல் ஒரு வயலில் நின்றுபோனது. அதற்குப் பிறகு அந்தப் பத்து நிமிடம் இரண்டு முழுப் பாடவேளையாகிவிட்டது. நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன். அளவுகளையும் அப்படியே கொடுக்கிறேன், வாசிப்பவர்கள் தங்கள் போனிலேயே போட்டுப் பார்க்கலாம்.

நிரல் எழுத வேண்டி வந்த காரணம்

அந்த மாணவனைத் தம்பி என்றே சொல்கிறேன். அவனுடைய பெரியப்பாவிடம் நெல் வெட்டும் மெசின் ஒன்று இருக்கிறது. முரசுமோட்டை, வட்டக்கச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்களில்தான் அவருக்கு வேலை. கூலி ஏக்கர் கணக்கு. நேராக வெட்டிக் கொடுத்த பெரிய காணிகளில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. சிக்கல் எல்லாம் வாய்க்கால் வளைகிற இடங்களில் விடுபட்ட கோணல் துண்டுகளில்தான். அங்கே பல இடங்களில் பழைய எல்லைக்கல் இல்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு வரம்பைக் கண்மட்டத்துக்குக் கட்டினார்கள். அதனால் காகிதத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றாயிருப்பதில்லை.

பெரியப்பா காலகாலமாகச் செய்துவந்த கணக்கு இது. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கு, வந்த இரண்டையும் பெருக்கு. சதுரத்துக்கும் செவ்வகத்துக்கும் இது சரியான விடை தரும். வேறெந்த நாற்பக்கலுக்கும் உண்மையான பரப்பளவைவிடக் கூடுதலாகத்தான் தரும், ஒருபோதும் குறைவாகத் தராது. பண்டைய எகிப்தில் நிலத்துக்கு வரி கணித்தவர்களும் இதே விதியைப் பாவித்திருக்கிறார்கள். வயல் கோணலாகக் கோணலாக விவசாயி கூடுதலாகக் கட்டுவார். அதனால்தான் ஒவ்வொரு போகமும் வரம்பில் நின்று வாக்குவாதம். பெரியப்பா ஒருவரையும் ஏமாற்ற நினைத்தவரல்லர். தன் கணக்கில் ஏதோ பிழை இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

நாலு பக்கத்தை மட்டும் அளந்து பரப்பளவு சொல்ல முடியாது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நாலு தடிகளை மூலையில் ஆணியடித்துச் சட்டம் செய்தால் அது சரிந்து சரிந்து ஆடும். நீளங்கள் மாறாது, உள்ளே உள்ள இடம் மாறும். குறுக்கே ஐந்தாவது தடி ஒன்றை அடித்தால்தான் சட்டம் நிற்கும். அந்த ஐந்தாவது தடிதான் மூலைவிட்டம். 628 இல் பிரம்மகுப்தர் நாலு பக்கத்துக்கென்று ஒரு வர்க்கமூலச் சூத்திரம் தந்தார். அது நாலு மூலையும் ஒரே வட்டத்தில் விழுகிற நாற்பக்கலுக்கு மட்டுமே பொருந்தும். வயல் அப்படி அமையாது.

சரி, தம்பி என்ன செய்தான்? நாலு பக்கத்தையும் ஒரு மூலைவிட்டத்தையும் 30 மீற்றர் நாடாவால் அளந்து, வயலை இரண்டு முக்கோணியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஹீரோன் சூத்திரத்தைப் போட்டான். மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவது அரைச்சுற்றளவு. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கழித்து, அந்த மூன்று மீதியையும் அரைச்சுற்றளவையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் பரப்பளவு. இதற்குக் கோணம் அளக்கத் தேவையில்லை, கையில் ஒரு நாடா போதும். நல்ல தெரிவு என்றே இப்போதும் சொல்வேன்.

நின்ற இடம்

பதினொரு வயலுக்கு நிரல் ஒழுங்காக விடை தந்தது. பன்னிரண்டாவது வயலில் வெட்டு நடந்துகொண்டிருந்தபோது எனக்கு அழைப்பு வந்தது.

“சேர், மேத் டொமெய்ன் எரர் எண்டு நிக்குது. எஸ்கியூஆர்டியில ஏதும் பிழை இருக்குமோ?”

மூலைகளை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். அ–ஆ 61.3 மீற்றர், ஆ–இ 38.9, இ–ஈ 42.6, ஈ–அ 88.5. மூலைவிட்டம் அ–இ 100.4. அ, ஆ, இ என்ற முதல் முக்கோணியிலேயே நிரல் நின்றுவிட்டது.

முதலில் சார்பின் பெயரைப் பார்த்தேன். சாதாரண தரத்தில் பாஸ்கல் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இதில் தடுக்கி விழுவதுண்டு. பாஸ்கலில் எஸ்கியூஆர் என்றால் வர்க்கம், எஸ்கியூஆர்டி என்றால் வர்க்கமூலம். பழைய விசுவல் பேசிக்கில் எஸ்கியூஆர் என்பதே வர்க்கமூலம். தம்பியின் வரியில் அந்தக் குழப்பம் இல்லை. அப்படியானால் உள்ளே போன எண்ணைத்தான் பார்க்க வேண்டும். மூலம் எடுக்க முன் அதை அச்சிட்டுப் பார்க்கச் சொன்னேன். கிட்டத்தட்ட கழித்தல் 24018 என்று வந்தது.

மறை எண்களுக்கு, அதாவது கழித்தல் எண்களுக்கு, மெய்யான வர்க்கமூலம் இல்லை என்பதைப் பிள்ளைகள் கணிதத்தில் படித்திருக்கிறார்கள். பைத்தனின் மேத் தொகுதி மெய்யெண்களுக்கு மட்டுமானது. கழித்தல் எண்ணைக் கொடுத்தால் வழு காட்டி அந்த இடத்திலேயே நிறுத்தும். சியிலும் ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அப்படி நிறுத்தாது. ‘எண் அல்ல’ என்ற பொருளுள்ள ஒரு பெறுமானத்தைத் தந்துவிட்டுத் தன்பாட்டுக்கு ஓடும். அதை எதனோடு கூட்டினாலும் வருவது அதுவேதான். அது தன்னோடு தான் சமமா என்று கேட்டால்கூட இல்லை என்றுதான் பதில் வரும். தம்பி ஜாவாவில் எழுதியிருந்தால் வயலின் மொத்தமே எண்ணில்லாமல் வந்திருக்கும், எந்த முக்கோணியில் பிழைத்தது என்று தேட வேண்டியும் இருந்திருக்கும். பைத்தன் நின்றது நல்லதுக்குத்தான்.

மூன்று வைத்தியம்

நான் வயலுக்குப் போய்ச் சேர அரை நாள் பிந்திவிட்டது. அதற்குள் தம்பி தானாக மூன்று வழி பார்த்திருந்தான். மூன்றும் எங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையும் செய்யக்கூடியவை. அதனால் ஒவ்வொன்றையும் நின்று பார்க்க வேண்டும்.

முதல் வழி, உள்ளே வரும் எண்ணின் கழித்தல் குறியை நீக்கிவிட்டு மூலம் எடுப்பது. ஏபிஎஸ் என்ற சார்பு அதற்கு இருக்கிறது. வழு மறைந்தது, 155 சதுர மீற்றர் என்று விடை வந்தது. பார்க்க நியாயமான எண்தான். ஆனால் அது எந்த நிலத்தின் பரப்பளவும் அல்ல, மூன்று நீளமும் ஒன்றோடொன்று ஒத்துவராததின் அளவு. இதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று அவனுக்குக் காட்ட, அதே நிரலில் 61.3 ஐ 16.3 என்று இலக்கம் மாற்றி அடிக்கச் சொன்னேன். போனில் அவசரமாக அடிக்கும் எவருக்கும் நடக்கக்கூடிய பிழை. முக்கோணி 2051 சதுர மீற்றராகிவிட்டது. மற்ற முக்கோணியையும் சேர்த்தால் அரை ஏக்கர் துண்டு ஏறக்குறைய ஒரு ஏக்கர். நிரல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அதை அச்சிட்டது. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அதன் பிறகு அந்த ஏபிஎஸ்ஸை அவனே அழித்தான்.

இரண்டாவது வழி, எஸ்கியூஆர்டியை விட்டுவிட்டு 0.5 ஆம் அடுக்குக்கு உயர்த்துவது. கணிதத்தில் இரண்டும் ஒன்றுதான். பைத்தன் 3 இல் கழித்தல் எண்ணை 0.5 ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் வழு வராது, கழித்தல் 1 இன் மூலத்தை ஜே என்று குறிக்கும் சிக்கலெண் வரும். வயலின் மொத்தமாக அவன் போனில் வந்தது 1881.94 கூட்டல் 154.98 ஜே. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு “இந்த ஜே எத்தினை பேர்ச்?” என்று கேட்டிருக்கிறார் (160 பேர்ச் ஒரு ஏக்கர்). அதற்குத் தம்பியிடம் பதில் இருக்கவில்லை. சிக்கலெண் ஒரு அருமையான விடயம், மின்சுற்றுப் படிக்கும்போது அது இல்லாமல் நகர முடியாது. ஆனால் நிலத்தின் பரப்பளவுக்குக் கற்பனைப் பகுதி கிடையாது. அப்படி ஒன்று வந்தால் அதுவும் வழுச் செய்திதான், வேறு உருவத்தில் வந்திருக்கிறது.

இந்த அடுக்கு முறையில் இன்னும் இரண்டு பொறி உண்டு. கழித்தல் 4 ஐ அடைப்புக்குறி போடாமல் எழுதி 0.5 ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் பைத்தன் முதலில் அடுக்கைச் செய்து, பிறகுதான் குறியைப் போடும். கழித்தல் 2 என்று அமைதியாக ஒரு விடை வரும். சியிலோ ஜாவாவிலோ அரை என்பதை 1 இன் கீழ் 2 என்று எழுதினால் முழுவெண் வகுத்தல் நடந்து 0 ஆகிவிடும். எதன் 0 ஆம் அடுக்கும் 1 தான். எல்லா முக்கோணியும் ஒரு சதுர மீற்றராகப் போகும்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே இருக்கிற சார்பை நம்பாமல் தம்பி தானே வர்க்கமூலம் கணிக்க ஒரு சுற்று எழுதினான். ஒரு ஊகத்தை எடு, எண்ணை அந்த ஊகத்தால் வகு, ஊகத்துக்கும் ஈவுக்கும் சராசரி எடு, அதுதான் அடுத்த ஊகம். ஊகத்தின் வர்க்கம் எண்ணுக்கு மிகக் கிட்ட வரும்வரை சுற்று. இதற்கும் ஹீரோன் முறை என்றுதான் பெயர். பெரிய முக்கோணிக்கு இது எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். மூலத்துக்குள் இருக்கும் எண் 3546482.94 (மூலைவிட்டத்தைப் பிறகு திருத்திய அளவோடு). 2000 என்று ஊகித்தால் அடுத்தது 1886.62, அதற்கடுத்தது 1883.214, பிறகு 1883.2108. மூன்றே சுற்று. விடைக்குக் கிட்ட வந்த பிறகு ஒவ்வொரு சுற்றிலும் சரியான இலக்கங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிக்கும். மடக்கை அட்டவணையில் விரல் வைத்து மூலம் தேடிப் பழகிய பிள்ளைகள் இதைக் கரும்பலகையில் பார்க்கும்போது முகம் மலர்வதை நான் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

ஆனால் கழித்தல் எண்ணைக் கொடுத்தால் இந்தச் சுற்றுக்குப் போய்ச்சேர ஊர் இல்லை. கழித்தல் 1 ஐக் கொடுத்து 2 இல் தொடங்கினால் 0.75, கழித்தல் 0.29, 1.57, 0.47, கழித்தல் 0.84 என்று தாவிக்கொண்டே இருக்கும். தம்பியின் போன் சூடாகி, கடைசியில் செயலியை மூட வேண்டி வந்தது. நேரெண்ணுக்குக்கூட இந்தச் சுற்றில் கவனம் தேவை. அவன் நிறுத்தும் நிபந்தனையாகப் பத்து லட்சத்தில் ஒன்று என்ற வித்தியாசத்தை வைத்திருந்தான். மீற்றரில் அளக்கும்வரை அது சரி. பெரிய வயலை அடியில் அளந்தால் மூலத்துக்குள் பன்னிரண்டு இலக்க எண் வரும். அந்த அளவில் கணினி சேமிக்கும் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கிடையிலான இடைவெளியே பத்து லட்சத்தில் ஒன்றைவிடப் பெரிது. சுற்று நிற்காமலே போகலாம். வித்தியாசத்தை எண்ணின் பருமனோடு ஒப்பிட்டு நிறுத்துவதுதான் வழி.

ஹீரோன் யார் என்று தம்பி கேட்டான். முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்தவர். அவருடைய மெற்றிக்கா என்ற நூலில் முக்கோணிச் சூத்திரமும் மூலம் எடுக்கும் முறையும் ஒரே இடத்தில் வருகின்றன. 7, 8, 9 பக்கமுள்ள முக்கோணியை எடுக்கிறார். உள்ளே 720 வருகிறது. அது முழு வர்க்கமல்ல. கிட்ட உள்ள முழு வர்க்கம் 729, அதன் மூலம் 27. 720 ஐ 27 ஆல் வகுத்துச் சராசரி எடுத்து 26 உம் ஆறில் ஐந்தும் என்கிறார். அதை வர்க்கித்தால் 720 ஐவிட 36 இல் ஒரு பங்குதான் கூட. அந்த நூல் நெடுங்காலம் காணாமல் போயிருந்து, 1896 இல்தான் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கையெழுத்துப் பிரதியாகக் கிடைத்தது. நிலத்தை அளக்க வந்த இடத்தில் வர்க்கமூலம் தேவைப்பட்டு அங்கேயே அதைக் கணித்த மனிதர். முரசுமோட்டை வரம்பில் நின்று போனைத் தட்டிய பிள்ளையும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான்.

நாடாவைப் பார்த்தோம்

எஸ்கியூஆர்டி மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை என்பதற்கு உறுதியான காரணம் உண்டு. கணினி தசம எண்களைக் கையாளும் விதத்துக்கு 1985 இல் வந்த ஐஇஇஇ 754 நியமம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலோடு வர்க்கமூலத்தையும் சேர்த்து ஒரு கட்டாயம் வைத்தது. சேமிக்கக்கூடிய எண்களில் உண்மை விடைக்கு மிகக் கிட்ட இருப்பதைத்தான் தர வேண்டும். இன்றைய கணினிச் சில்லுகளில் அது தனிக் கட்டளையாகவே இருக்கிறது. 2 இன் மூலத்தை வர்க்கித்தால் 2.0000000000000004 என்று வருவதைக் கண்டு பிள்ளைகள் திடுக்கிடுவார்கள். அது இரும எண்ணில் இலக்கங்கள் தீர்ந்துபோவதால் வருவது, சார்பின் பிழையல்ல. 24018 என்ற கழித்தலை அந்தப் பதினாறாம் இலக்கம் உண்டாக்க முடியாது.

பெரியப்பாதான் சரியான கேள்வியைக் கேட்டார். “காணிக்கு மைனஸ் எங்கயிருந்து வந்தது, சேர்?”

தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்தோம். 61.3 உம் 38.9 உம் சேர்ந்து 100.2. மூலைவிட்டம் 100.4. அ என்ற மூலையிலிருந்து வரம்பில் சுற்றி இ க்குப் போனால் 100.2 மீற்றர், வயலுக்குக் குறுக்கே நேராகப் போனால் 100.4 மீற்றர். குறுக்கு வழி சுற்று வழியைவிட நீளமாக முடியாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிரலுக்குத்தான் தெரியாது. அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எப்படி அளந்தார்கள் என்று கேட்டேன். வரம்புகளை நாடாவைத் தரையில் கிடத்தி அளந்திருக்கிறார்கள், அவை சரி. மூலைவிட்டத்தை அளந்தது நெல் வெட்ட முன். முற்றிய கதிருக்கு மேலால் நாடாவைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். வாடைக்காற்றில் நாடா பக்கவாட்டில் வில்லாக வளைந்திருக்கிறது. 30 மீற்றர் நாடாவின் நடுப்பகுதி ஒரு மீற்றர் வளைந்தால் ஏறக்குறைய 9 சென்றிமீற்றர் கூடுதலாகக் காட்டும். நேர்கோட்டை விட்டு நாடாவின் முனை 2 மீற்றர் விலகினால் இன்னும் 7 சென்றிமீற்றர். மூன்று முழு நாடா போட்டால் அரை மீற்றருக்குக் கிட்ட வந்துவிடும். வளைந்த நாடா ஒருபோதும் குறைத்துக் காட்டாது, கூட்டித்தான் காட்டும்.

அந்த நேரம் நெல் வெட்டி முடிந்திருந்தது. இரண்டு மூலையிலும் தடி ஊன்றி, இடையில் மூன்று தடியைக் கண்ணால் நேர்படுத்தி, கயிறு இழுத்துக் கட்டி, வெட்டின நெல்லின் அடித்தாளின் மேல் நாடாவைக் கிடத்தினோம். 99.9 மீற்றர்.

ஒல்லி முக்கோணியின் பிடிவாதம்

99.9 ஐப் போட்டதும் நிரல் ஓடியது. 188.6 சதுர மீற்றர். எல்லோருக்கும் திருப்தி. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. 10 சென்றிமீற்றருக்கு மேல் உறுதியாக அளக்க முடியாத கையில், 100.1 என்று வந்திருந்தால் என்ன? போட்டுப் பார்த்தோம், 109.2. சரி, 99.7 என்று வந்திருந்தால்? 242.8. நாடா 20 சென்றிமீற்றர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அசைந்தால் பரப்பளவு இரண்டு மடங்குக்கு மேல் ஆடுகிறது. பக்கத்தில் இருக்கும் பெரிய முக்கோணியும் அதே மூலைவிட்டத்தைத்தான் பாவிக்கிறது. 100.4 க்கு அது 1881.9, 99.9 க்கு 1883.2. அரை மீற்றர் பிழைக்கு ஒன்றே கால் சதுர மீற்றர் அசைவு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் வர்க்கமூலத்தின் சுபாவம். பூச்சியத்துக்குக் கிட்ட அதன் வரைபு செங்குத்தாக எழும்பும். 0.01 இன் மூலம் 0.1, 0.0001 இன் மூலம் 0.01. சின்ன எண்ணுக்கு மூலம் அந்த எண்ணைவிடப் பெரிது. ஆ என்ற மூலை மூலைவிட்டத்துக்கு வெறும் நாலு மீற்றர் தள்ளித்தான் இருக்கிறது, முக்கோணி நூறு மீற்றர் நீளத்துக்கு ஒரு கத்தி அலகு போல. அரைச்சுற்றளவிலிருந்து நீளப் பக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது 0.15 மீற்றர். மற்ற மூன்று காரணியும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த 0.15 தான் விடையைப் பிடித்து ஆட்டுகிறது. 100.1, 99.9, 99.7 க்கு மூலத்துக்குள் வரும் எண்கள் கிட்டத்தட்ட 11900, 35600, 59000. உள்ளே படிகள் சம உயரம். வெளியே முதல் படி 79, அடுத்த படி 54. இன்னும் ஒரு படி கீழே இறங்கினால் நிலம் பூச்சியத்தைக் கடந்து கழித்தலுக்குள் போய்விடும். தம்பியின் முதல் அளவு அந்தப் பக்கம்தான் விழுந்தது.

அதனால் அந்த முக்கோணிக்கு ஹீரோன் சூத்திரத்தையே விட்டுவிட்டோம். கட்டிய கயிற்றிலிருந்து ஆ மூலைக்குச் செங்குத்தாக அளந்தால் 3.8 மீற்றர். 99.9 ஐ 3.8 ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 189.8. இந்தக் கணக்கில் மூலைவிட்டம் 20 சென்றிமீற்றர் பிழைத்தாலும் 0.4 சதுர மீற்றர்தான் மாறும். செங்குத்து 10 சென்றிமீற்றர் பிழைத்தாலும் 5 சதுர மீற்றருக்குள். இரண்டு முக்கோணியும் சேர்ந்து 2073 சதுர மீற்றர். அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, 82 பேர்ச்.

சரிபார்க்க வேறொரு வழியும் வேண்டும் என்று மற்ற மூலைவிட்டத்தை, ஆ விலிருந்து ஈ க்கு, அளந்தோம். 45.6 மீற்றர், ஒன்றரை நாடா. அதனால் வரும் இரண்டு முக்கோணியும் ஒழுங்கான உடம்புள்ளவை. ஒன்று 1305.6, மற்றது 767.5, கூட்டினால் 2073.1. வேறு கோட்டில் அளந்த இரண்டு விடையும் சந்தித்தபோது பெரியப்பா சிரித்தார். தன் பழைய விதிப்படி அந்தத் துண்டைக் கணித்துப் பார்த்தார். 3309 சதுர மீற்றர், ஒரு ஏக்கரில் 0.82. இத்தனை போகமாக அந்தத் துண்டுக்காரர் சண்டை பிடித்தது நியாயம்தான் என்று வாய்விட்டுச் சொன்னார். அந்த முறை கூலியை 82 பேர்ச்சுக்கே வாங்கினார்.

நிரலில் மாற்றியவை

பெர்க்லியில் இருந்த வில்லியம் கஹான் ஐஇஇஇ 754 இன் முதன்மைச் சிற்பி, 1989 இல் கணினியியலுக்கான டியூரிங் விருது பெற்றவர். முக்கோணியின் பரப்பளவுக்கு அவர் சொன்ன ஒழுங்கை எடுத்துக்கொண்டோம். மூன்று பக்கத்தையும் பெரிது, நடு, சிறிது என்று முதலில் வரிசைப்படுத்து. பெரியதிலிருந்து நடுவைக் கழி, அந்த மீதியைச் சிறியதிலிருந்து கழி. இந்தக் கடைசி விடை கழித்தலாக வந்தால் அவை ஒரு முக்கோணியின் பக்கங்களே அல்ல, மூலம் எடுக்கவே போகக்கூடாது. கழித்தல் இல்லையென்றால் நாலு காரணியையும் இந்த வரிசை குலையாமல் அடைப்புக்குறியோடு பெருக்கி, மூலம் எடுத்து, நாலால் வகு. கணினியின் வட்டமாக்கல் பிழை ஒல்லி முக்கோணிகளில் பெருகுவதையும் இந்த வரிசை தடுக்கிறது. எங்கள் வயலில் அந்தப் பிழை பொருட்டல்ல, நாடாவின் பிழை அதைவிடக் கோடி மடங்கு பெரிது. எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசி விடையாக வரும் இடைவெளிதான். 100.4 இலிருந்து 61.3 ஐக் கழித்தால் 39.1, அதை 38.9 இலிருந்து கழித்தால் கழித்தல் 0.2. எத்தனை சென்றிமீற்றர் ஒத்துவரவில்லை என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. 24018 என்ற எண்ணைப் பார்த்து எவருக்கும் நாடாவின் நினைவு வராது. 20 சென்றிமீற்றர் என்றால் உடனே வரும்.

தம்பியின் நிரல் இப்போது டொமெய்ன் எரர் காட்டுவதில்லை. “இந்த மூன்று நீளமும் முட்டவில்லை, 0.2 மீற்றர் இடிக்கிறது, நீளமான பக்கத்தைத் திரும்ப அளக்கவும்” என்று தமிழில் சொல்கிறது. இடைவெளி கழித்தலாக இல்லாவிட்டாலும் நீளப் பக்கத்தின் நூறில் இரண்டு பங்கைவிடக் குறைவாயிருந்தால், “முக்கோணி மிக ஒல்லி, மற்ற மூலைவிட்டத்தை அளக்கவும்” என்கிறது. நூறில் இரண்டு என்பது நான் அந்த வயல்களைப் பார்த்து வைத்த எல்லை. வேறு இடத்தில், வேறு நாடாவில் அளப்பவர்கள் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். மூலம் எடுக்கும் வரி பழையபடி எஸ்கியூஆர்டிதான். அதில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

பழைய பதினொரு வயலின் அளவுகளையும் புதிய நிரலில் போட்டோம். இரண்டு வயலுக்கு ஒல்லி எச்சரிக்கை வந்தது. விடை அழகாக வந்திருந்ததால் அப்போது யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்த இரண்டையும் மறு மூலைவிட்டத்தில் திரும்ப அளந்து, வித்தியாசத்தைப் பெரியப்பா உரியவர்களிடம் கொடுத்து முடித்தார்.

இது கூலிக்கு மட்டுமான கணக்கு. உறுதிக்கும் எல்லைத் தகராறுக்கும் நில அளவையாளரின் வரைபடம்தான் செல்லும். பெரியப்பாவின் கொப்பியில் இப்போது மூலைவிட்டத்துக்கு இரண்டு நிரை இருக்கிறது. இன்னும் தீராமல் கிடப்பது வாய்க்கால் ஓரமாக வளைந்து போகும் வரம்புகள். அவற்றை இரண்டு முக்கோணியால் மூட முடியாது. ஒரு நேர்கோடு போட்டு, 10 மீற்றருக்கு ஒரு செங்குத்து அளந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்கு வர்க்கமூலமே தேவையில்லை. அடுத்த காலபோக வெட்டுக்கு முன் அதையும் எழுதி முடிக்கத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.